டேப் ஒட்டிய மைக்ரோவேவ்

மில்வாக்கியில் பிப்ரவரி.
பேருந்துப் பணிமனையின் சாப்பாட்டு அறை.
மைக்ரோவேவின் கதவு மூடி நிற்கவில்லை.
கர்ட் ஷ்னைடர் நீல டேப்பைப் பல்லால் கிழித்து
குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று ஒட்டினான்.
தள்ளி நின்று பார்த்தான்.
"செம கெட்டோ" என்றான்.
சிரித்தோம்.
நானும்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

சம்பளக் கணக்கு பார்க்கும் மார்வின் லெஃப்கோவிட்ஸ்
சூப்பை அப்படியே மூடி வைத்தார்.
அவர் வீட்டில் அந்தச் சொல்லுக்குச் சுவர் உண்டு,
சுவருக்கு வாசல் உண்டு,
இரவில் வெளியிலிருந்து பூட்டுவார்கள்.
உள்ளே போய்த் திரும்பாத ஒருவரின் பெயரைத்தான்
அவருக்கு வைத்திருக்கிறார்கள்.

டெல்ஃபின் மோஸ்லி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
கழற்றி முடித்தாள், இரண்டையும்.
"என் அப்பா வெல்டர்.
எங்கள் தெருவில் பாதி வாசல் கேட் அவர் கைவேலை.
உடைந்ததை அவர் பற்றவைப்பார்.
டேப் ஒட்டியது நீ, கர்ட்."

"உன்னைச் சொல்லவில்லை. மைக்ரோவேவைத்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். "அதுதானே."

பிறகு ஒருநாள் அவள் தங்கையோடு போனில்
அதே சொல்லைச் சொல்லி
வயிறு குலுங்கச் சிரித்தாள்.
கர்ட் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்:
இப்போது மட்டும்?
விளக்க வாயெடுத்தேன்.
விளக்கம் வரவில்லை, கொட்டாவி வந்ததுபோல் மூடிக்கொண்டேன்.

பனி கொட்டிய இரவில் அவள் ஓட்டிய கடைசி வண்டியில்
நான் ஒரே பயணி.
பதிவுசெய்த பெண்குரல் அறிவித்தது:
அடுத்த நிறுத்தம், கார்டன் பாயின்ட்.
"தோட்டமும் கிடையாது, முனையும் கிடையாது.
போன வருஷம் ஃபிளாட் கட்டியவன் வைத்த பெயர்.
அதுவரை எங்கள் தெருவைச் சொல்ல
ஒரே ஒரு சொல்தான் இருந்தது.
நாங்கள் மொத்தமாகக் காலி செய்தால்
இன்னும் நல்ல பெயராக வைப்பார்கள்."
வைப்பர் இடவலமாகப் போய்வந்தது.
"சரி, உங்கள் பாஷையில்
எங்கள் தெரு மாதிரி இடத்துக்கு என்ன சொல்?"

நாக்கின் நுனிக்கு வந்து நின்றது.
சேரி.
சேர் என்ற வினைக்குப் பிறந்த பிள்ளை.
பழம்பாட்டில் வெறும் தெரு.
ஊர்ப்பெயரின் வாலாக இருக்கும்வரை
புதுச்சேரி, வேளச்சேரி என்று
வாடகையோடு அதற்கு மரியாதையும் ஏறும்.
தனியாக நிற்கட்டும், பார்க்கலாம்.

ஏழாம் வகுப்பில் சண்டை போட்டவர்களை அடக்க
அறிவியல் டீச்சர் கத்தினார்:
"என்னடா இது, சேரிப் பாஷை!"
இரண்டாம் பெஞ்சில் செல்வராணி
கணக்கு நோட்டைத் திறந்துகொண்டாள்.
அது கணக்கு வகுப்பே இல்லை.
அன்றும் சிரித்தோம்.

"பலர் கூடி வாழும் இடம்" என்றேன் டெல்ஃபினிடம்.
சொல்லையும் சொன்னேன்.
அகராதியைக் கேட்டால் நான் பொய் சொல்லவில்லை.

"செர்ரி" என்றாள்.
அவள் வாயில் அது பழமாகிவிட்டது.
"அழகாக இருக்கிறது. செர்ரி."
திருத்த எனக்கு இரண்டு நிறுத்தம் நேரமிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு அறையில்
கர்ட்டின் தோளைத் தட்டிச் சொன்னாள்:
"இனிமேல் நான் செர்ரிக்காரி.
அர்த்தம் வேண்டுமானால் இவளைக் கேள்."
எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
மார்வின் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

மைக்ரோவேவுக்குள் என் சோறு சுற்றிக்கொண்டிருந்தது.
டேப் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.