மாதிரி பதினாலு

அபிஷேகப்பட்டிக்குக் கடைசி பஸ் போய்விட்டது.
ஆடிக் காற்று ஆய்வகத்தின் மேற்கு ஜன்னலை
வாடகை பாக்கிக்கு வந்தவன் போலத் தட்டுகிறது.
கறுப்புத் திரையை ஆணியடித்துவிட்டோம்.
கணினிக்கும் சிவப்புத் தாள் ஒட்டியாயிற்று.
என் கைக்கடிகார முட்கள் பச்சையாய் ஒளிரும் என்று
ஜெபக்கனி அதைக் கழற்றி
சாப்பாட்டுத் தூக்கில் போட்டு மூடினாள்.

இவ்வளவு இருட்டிலும்
உணரி வினாடிக்கு ஏழு என்கிறது.
ஒன்றும் வரவில்லை. ஆனாலும் ஏழு.
வெதுவெதுப்பில் தானாய்த் துள்ளும் எலக்ட்ரான்கள்.
குளிரவைத்தால் இரண்டுக்கு இறங்கும், பூஜ்யம் ஆகாது.
இருள் எண்ணிக்கை என்று பெயர்.
எந்தக் கணக்கிலிருந்தும்
முதலில் அதைத்தான் கழிக்க வேண்டும்.

மாதிரி பதினாலு:
யிட்ரியம் ஆக்சைடில் நூற்றுக்கு மூன்று யூரோப்பியம்.
பார்வைக்கு இடித்த பச்சரிசி மாவு.
ஆயிரத்து இருநூறு டிகிரியில் ஐந்து மணி நேரம்,
நடுவில் கரண்ட் போய்
மூன்று தடவை முதலிலிருந்து சுட்டது.
புற ஊதா பட்டதும்
உவரிக் கரையின் கார்னெட் மணல் சிவப்பு.

விளக்கை வெட்டுகிறோம். பிறகுதான் வேலை.
கொடுத்த கை விலகிய பின்
வாங்கியது எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது,
அதுதான் கேள்வி.
முழுதாய் அணையும்வரை காத்திருப்பதில்லை.
கணக்கின்படி அது முழுதாய் அணைவதே இல்லை.
நூறு முப்பத்தேழாகும் இடத்தில் கோடு கிழித்து
ஆயுள் என்று எழுதுகிறோம்.
மிச்ச முப்பத்தேழு அப்புறமும் எரியும் என்று
இன்சூரன்ஸ் ஏஜெண்டான அப்பாவிடம் சொன்னபோது
"இத வச்சு பாலிசி போட முடியாதுளா" என்றார்.

ஒரு மில்லி வினாடி. எதிர்பார்த்ததே.
ஆனால் வளைகோட்டின் தலையில்
ஒரு முள்.
"ஏட்டி, இது யாரு?" என்றாள் ஜெபக்கனி.

லேசரை மாற்றி நானோ வினாடிக்கு இறங்கினோம்.
அங்கே ஆயிரம் துடிப்புக்குப் பத்து ஒளித்துகளுக்கு மேல்
உள்ளே விடக் கூடாது.
கூட்டம் கூடினால்
ஜங்ஷன் பஸ்ஸில் துண்டு போட்டவனுக்கே சீட் என்கிற மாதிரி
முதலில் வந்ததை மட்டும் கருவி எண்ணும்.
பின்னால் வந்தது வந்ததாகவே ஏறாது,
ஆயுள் குறைந்துபோகும்.
ஆகவே மங்கலாக்கி, இன்னும் மங்கலாக்கி,
ஒவ்வொன்றாய்,
முக்கால் மணி நேரம்.
வெளியே மயில் இரண்டு முறை அகவியது.

ஒன்று புள்ளி நான்கு நானோ வினாடி. நீலம்.
இரண்டு எலக்ட்ரான் இழந்த யூரோப்பியம் நீலம் காட்டும்,
அதற்கு இவ்வளவு அவசரம் கிடையாது.

அரை மணி நேரம் நாங்கள் பணக்காரர்கள்.
ஜெபக்கனி கட்டுரைக்குத் தலைப்பு வைத்தாள்.
பேச்சியம்மாள் என்ற பெயரை
ஆங்கிலத்தில் எத்தனை எழுத்தில் போடுவது என்று
நான் யோசித்தேன்.

பிறகு வெறும் குவார்ட்ஸ் தட்டை வைத்தேன்.
மாவு இல்லை. முள் இருந்தது.
கழுவினேன், போயிற்று.
துடைத்தேன், வந்தது.

துடைத்த துணி
ஜெபக்கனியின் அண்ணன் வேட்டிக் கிழிசல்.
சோப்புத்தூளில் பளீர் வெண்மைக்கென்று ஒரு சாயம்,
அது கண்ணுக்குத் தெரியாததை விழுங்கி
நீலமாய்த் துப்பும்.
நம்பாமல் விளக்கைக் காட்டினோம்.
கிழிசல் எரிந்தது. என் துப்பட்டா ஓரம் எரிந்தது.
அவள் சட்டைப் பொத்தான் நூல், என் கைக்குட்டை,
மேஜை மேல் யாருடையதோ ஒரு பஞ்சு இழை.
மூன்று மணி நேரமாய் வெளிச்சத்தை அடைத்த அறைக்குள்
வெளிச்சம் நாங்கள்தான்.
அவள் சிரித்த சிரிப்பில் உணரியை அணைக்க மறந்தோம்.

குறிப்பேட்டில்,
யூரோப்பியம்: ஒரு மில்லி வினாடி.
சலவைத்தூள்: ஒன்று புள்ளி நான்கு நானோ வினாடி.
இரண்டாவதை அடித்தேன்.
படிக்கிற மாதிரிதான் அடித்தேன்.

தூக்கைத் திறந்தால்
மோர்க்குழம்பு வாசனையில் கடிகாரம்
இன்னும் மங்கலாய், பச்சையாய்.
அதன் ஆயுளை யாரும் அளக்கவில்லை.
மணி நாலு இருபது.
முதல் பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருக்கிறது.
தட்டை மறுபடி கழுவலாம்,
துடைக்காமல் காய விடலாம்.