மூன்றாம் வரைவு

முதல் வரைவில் "சில எலிகள்" என்று எழுதியிருந்தேன்.
பதிவாளர் அலுவலகம் அதையும் வெட்டி
"ஆய்வுகூட மாதிரிகள்" என்று போட்டு அனுப்பியது,
பச்சை மையில், வடிவான கையெழுத்தில்.

வெளியே வைகாசி வெயில்.
இராமநாதன் வீதியால் ஒரு ஐஸ்கிரீம் வான்
தன் பாட்டில் பாடிக்கொண்டு போகிறது.
விடியத் தொடங்கிச் செந்தூரன்
ஐந்து தரம் எடுத்துவிட்டான், பத்திரிகையிலிருந்து.
"ஒரே ஒரு கேள்விதான்.
எத்தினை?"

விலங்கு மனை எங்கள் வரைபடத்தில் இல்லை.
புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளில்
அந்த இடத்தில் ஒரு வேப்பமரம் கீறியிருக்கிறோம்.
மரம் உண்மையில் உண்டு. பொய்யென்று சொல்ல முடியாது.
மரத்துக்குப் பின்னால் கட்டடமும் உண்டு.

பவதாரணியிடம் போனேன்.
புடையன் கடித்தவர்களுக்கு
கடல் தாண்டி வரும் மருந்து
எங்கள் மண்ணின் விஷத்துக்கு எவ்வளவு கேட்கும்?
நாலு வருஷமாய் அவளுக்கு அது ஒன்றுதான் யோசனை.
கொப்பியைத் திறந்தாள். விரலால் கூட்டினாள்.
"முன்னூற்றுப் பன்னிரண்டு.
அதில இருபத்தாறு, நான் அளவு பிழைவிட்டதால."
"அதையும் சொல்லவோ?"
கையுறையைக் கழற்றினாள். ஒரு விரல் மட்டும் வர மறுத்தது.
"அதை முதலில சொல்லுங்கோ."

சில.
அந்தச் சொல்லை எனக்கு முந்தியே தெரியும்.
வானொலி அறிக்கைகளில் அது "சிலர்" என்று வரும்,
"சிலர் காயமடைந்தனர்", பிறகு காலநிலை.
எந்த ஒழுங்கையில், யார் வீட்டு மதிலோரம் என்று
ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும்.
என் தமையனும் ஒரு நாள் "சிலர்."
எலியையும் மனிசரையும் ஒரு தராசில் வைக்கவில்லை.
அந்தச் சொல்லைத்தான் வைக்கிறேன்.

மூன்றாம் வரைவில் எண் மட்டும் இருந்தது.
அனுப்பவில்லை. செந்தூரனை வரச் சொன்னேன்.

சிங்கராயர் கதவைத் திறந்தார்.
மரத்தூள் வாசம். கூடுகளுக்கு மேலே ஒரு ரேடியோ,
மரக்கறி விலை வாசித்துக்கொண்டிருந்தது.
"இதுகளுக்கு எதுக்கண்ணை ரேடியோ?"
"சத்தம் பழகட்டும் எண்டுதான்.
அமைதியா இருந்து போட்டு
திடீரெண்டு ஒண்டு விழுந்தால் சுருண்டு போகும்."
ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.
ஒரு வெள்ளைச் சுண்டெலி முகம் கழுவிக்கொண்டிருந்தது,
இரண்டு கையாலும், காதுக்குப் பின்னாலும்.

செந்தூரன் குனிந்தபடி கேட்டான்:
"ஆய்வேட்டில 'பலியிடப்பட்டன' எண்டு இருக்கு.
வேள்விக் கிடாய்க்கு வழக்குப் பேசின ஊர் இது.
உங்கட கதையில இதுக்கு என்ன பேர்?"

"கொலை," என்றாள் பவதாரணி.
"பாதி விஷத்தால. மிச்சத்தை மயக்கி, நாங்கள்.
ஏனெண்டும் எழுதுங்கோ. ஆனால் பேர் அதுதான்."

அடுத்த நாள் முன்பக்கம்:
பல்கலைக்கழகத்தில் 312 எலிகள் கொலை.
ஏனென்பது ஏழாம் பக்கத்தில் இருந்தது,
நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே,
பிழையில்லாமல், அந்த இருபத்தாறும் சேர்த்து.

ஒருவர் எடுத்து ஏசினார். நீங்கள் மனிசரோ என்றார்.
ஒருவர் தன் ஆட்டுக்குட்டிக்கு மருந்து கேட்டார்.
வரணியிலிருந்து ஒரு அம்மா,
மகன் வெங்காயத் தோட்டத்தில் கடிபட்டவனாம்,
போன மாரியில். நெடுநேரம் பேசவில்லை.
பிறகு: "கெதியாச் செய்யச் சொல்லுங்கோ."
பிறகு: "பாவம், அதுகளும்."
வைத்துவிட்டார்.

பின்னேரம் பச்சை மையில் ஒரு கடிதம்:
இனிமேல் முன் அனுமதி பெறவும்.
கோவையில் போட்டேன்.
அதே மேசையில் வரைபடத் தாளை விரித்து
வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு சதுரம் கீறினேன்.

வாசல் எந்தப் பக்கம் என்று
பதினொரு வருஷம் இங்கே வேலை செய்தும் எனக்கு
நிச்சயமில்லை.
நேற்றுத்தான் உள்ளே போய் வந்தேன், அப்படியிருந்தும்.
பென்சிலை வைத்துவிட்டு
எழும்பிப் பார்க்கப் போனேன்.