திரும்பி வருவதற்கான ஆதாரம்

மீன்வண்டியாக இருந்தது அது.
கோடியக்கரை ஐஸ்பெட்டிகளைச் சுமந்து
பதினோரு வருடம் ஓடியது.
இரண்டு முறை பினாயில், ஒரு முறை வினிகர்,
மூன்று நாள் வெயிலில் வாய்பிளந்து கிடந்த பிறகுதான்
உள்ளே மெத்தை போட்டோம்.
கேம்பர் வேன் என்று சொல்லிப் பழகினார் குலோத்துங்கன்.
நான் வண்டி என்றே சொன்னேன்.

ரீயூனியன் தீவுக்கென்று சேர்த்த பணம்.
அங்கே அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன்
வேனிலேயே தீவைச் சுற்றுகிறவர்.
எரிமலையடியில் ஸ்டவ் பற்றவைத்து
ரசம் கொதிக்கிற படம் அனுப்பியிருந்தார்.
பின்னால் கரும்பு.
நம்மூர்க் கரும்பு மாதிரிதான்,
கொஞ்சம் கர்வம் கூடுதல்.

விசா தாளில் ஒரு கட்டத்தில் மட்டும் டிக்:
நீங்கள் திரும்பிச் செல்வீர்கள் என்பதற்குப்
போதிய ஆதாரம் இல்லை.
மூன்று முறை படித்தார்.
"திருத்துறைப்பூண்டிக்கு வராம
நான் எங்கடி போவேன்?"
ஒரு வாரம் பேசவில்லை.
எட்டாம் நாள் மீன்வண்டியோடு வாசலில் நின்றார்.
எட்டுகிற பிரான்சுக்குப் போவோம் என்றார்.

ஐப்பசி. சம்பா நாற்று வேர் பிடித்திருந்தது.
அம்பகரத்தூரில் பலகை மாறியது,
டீசல் விலை மாறியது,
சாராயக்கடைகள் நெருங்கி வந்தன.
வரப்பு மாறவில்லை.
ஒற்றைக்காலில் நின்ற கொக்கு
எந்த அரசாங்கத்தில் நிற்கிறதென்று
அதைத்தான் கேட்க வேண்டும்.

திருநள்ளாற்றில் பார்க்கிங் பையன்
வண்டிக்கு ஐம்பது என்றான்.
இதுலயேதான் தம்பி தங்குறோம் என்றேன், ஏதோ பெருமையில்.
அப்ப நூறு என்றான்.

காரைக்காலில் குடிதண்ணீருக்கு அலைந்தபோது
தன் குழாயடியைக் காட்டினாள் மதலேன்.
அவள் அப்பா சொல்தா. அல்ஜீரியாவில் நின்றவராம்.
சிவந்த அட்டை பாஸ்போர்ட்டை
மாட்டுத் தீவன ரசீதுகளுக்கு நடுவிலிருந்து எடுத்தாள்.
பிரெஞ்சுக் குடியாம். ஒரு நாளும் போனதில்லை.
"போய்ட்டா யாரு கறக்குறது?"
குலோ அந்த அட்டையை வாங்கி
இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.
கேன் நிரம்பி வழிந்தது யாருக்கும் தெரியவில்லை.

இரவு அரசலாற்று முகத்துவாரத்தில் நிறுத்தினோம்.
உப்புமா. ஊறுகாய். எரிமலை இல்லை.
கலங்கரை விளக்கம் எங்களை ஒரு தரம் பார்த்து
திரும்பிக்கொண்டது, மறுபடி பார்த்தது.
பத்து மணிக்கு மழை பிடித்தது.
மழை பட்டதும் தகரத்துக்கு ஞாபகம் வந்துவிட்டது:
வஞ்சிரம், காரை, பன்னா,
பதினோரு வருடத்து மீனும் எழுந்து
மெத்தைக்குள் வந்து படுத்துக்கொண்டன.
தலையணையால் மூக்கை மூடிச் சிரித்தோம்.
பிறகு அவர் தூங்கிவிட்டார்.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
ஆறு கடலில் கலக்கிற இடத்தையே பார்த்திருந்தேன்.
இந்தத் துறையில்தான் ஏற்றினார்கள்.
ஐந்து வருட ஒப்பந்தம், பித்தளைச் சொம்பு,
கைநாட்டுக்கு ஒரு சொட்டு மை.
அந்தக் கரும்பை நட்டவர்கள்.
அவர்களிடம் யாரும்
திரும்பி வருவாயா என்று கேட்டுக்
கட்டத்தில் டிக் போடவில்லை.
ஆதாரம் இல்லாததுதான்
அன்றைக்குத் தேவையாக இருந்திருக்கும்.

காலையில் சக்கரம் மணலில் புதைந்து
கிளிஞ்சல்மேட்டுப் பெண்கள் ஏழு பேர் தள்ளிவிட்டார்கள்.
மீன் எங்கே என்று கேட்டாள் ஒருத்தி.
இல்லை என்றதும், தள்ளினது வீண் என்பது போல்
கையை முந்தானையில் துடைத்தாள்.

வாஞ்சூர் சோதனைச்சாவடியில்
பாட்டில் தேடிப் பின்கதவைத் திறந்தார் ஏட்டு.
இரண்டு தலையணை, ஸ்டவ், கேன்.
"எங்கேருந்து?"
"பிரான்ஸ்லேர்ந்து சார்" என்றார் குலோ.
ஏட்டு மூக்கைப் பொத்தியபடி
போங்க போங்க என்றார்.

நாகூர் தாண்டியபிறகுதான்
மெத்தையடியில் ஏதோ புரண்டது.
சாம்பல்நிறக் குட்டிப்பூனை,
ஒரு காது மடங்கியது,
எல்லையைத் தூங்கியே கடந்திருக்கிறது.
தகரத்தை மோந்து, மூலைகளை மோந்து,
இல்லாத மீனைப் பார்த்து
எங்களிடம் கத்தத் தொடங்கியது.

குலோ வண்டியை ஓரங்கட்டினார்.
திருப்பிக் கொண்டுபோய் விடலாமா என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.
பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தேன்.