வலதா, நேரா

வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.
ஓதார் தன் வீட்டைப் பாதி வாடகைக்குத் தருகிறான்,
குதாவுரியில், நான்காவது மாடி,
கேபிள் நாற்காலிக்கு எண்ணி எழுபது எட்டு.
பாகுரியானியில் ஒரு அம்மாள் அறை வைத்திருக்கிறாள்,
ஊசியிலை மரங்களுக்குள்ளே,
விறகடுப்பு உண்டு, காலையில் தேன் உண்டு,
நாய் ஒன்று உண்டு, கடிக்காது என்கிறாள்.

பத்ரி குதாவுரி என்கிறான்.
நான் பாகுரியானி என்கிறேன்.
மூன்று வாரமாக இந்தச் சண்டை
சமையலறையிலிருந்து படுக்கைக்கும்
படுக்கையிலிருந்து காருக்கும் போய்வருகிறது.

உண்மை என்னவென்றால்
குதாவுரிக்கு ஏங்குகிறவள் நான்.
ஒற்றை மரம் இல்லாத அந்த மொட்டை வெண்மை.
உச்சியில் நின்று ஸ்கீயின் முனையைக்
காற்றுக்குள் நீட்டும்போது
வயிற்றில் ஒன்று கழன்று விழுமே, அது.

ஏப்ரலில் பத்ரிக்கு முழங்காலில் தசைநார் தைத்தார்கள்.
நான் பார்க்கும்போது படிக்கட்டின் கைப்பிடியைத் தொடமாட்டான்.
ஆனால் எனக்குக் காது இருக்கிறது.
அவன் ஏறி வரும் சத்தத்தில்
இடது கால் எப்போதும்
அரை நொடி பிந்தித்தான் வருகிறது.

அதனால் சொன்னேன்,
'இந்த வருஷம் எனக்கு மரங்கள் வேண்டும், பத்ரி.
குதாவுரியில் பனி சரிந்தால் சாலையை மூடிவிடுவார்கள்.
போகிற வழியில் சுராமியில்
சுடச்சுட இனிப்பு ரொட்டி வாங்கலாம்.'

'பாகுரியானி பிள்ளைகள் சறுக்கும் மேடு.
இரண்டாம் நாளே உனக்கு அலுத்துவிடும்.'

'நாற்பத்தாறு வயதாகிறது எனக்கு. அலுக்கட்டும்.'

'எப்போது கிழவியானாய்?'

விளையாட்டாகத்தான் கேட்டான்.
அன்றிரவு பாத்திரம் தேய்க்கையில்
ஒரு கோப்பையின் காது
தனியாக என் கையோடு வந்துவிட்டது.

பிடுங்கிக்கொள்கிறவர்களின் சண்டை
சீக்கிரம் முடியும், யாராவது ஜெயித்துவிடுவார்கள்.
விட்டுக்கொடுக்கிறவர்கள் போடும் சண்டைக்கு
முடிவு எங்கே இருக்கிறது?

வெள்ளி வந்தது, போனது.
ஓதார், 'யாரும் கேட்கவில்லை, சாவி உங்களிடமே இருக்கட்டும்' என்றான்.
பாகுரியானி அம்மாள், 'வந்தால் வாருங்கள்' என்றாள்.
இரண்டு மலைகளும்
எங்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தன,
அதைவிடத் தொல்லை வேறில்லை.

ஞாயிறு விடியற்காலை.
திபிலிசி இன்னும் எழுந்திருக்கவில்லை.
சக்கரச் சங்கிலிகளை வைக்க டிக்கியைத் திறந்தேன்.
என் ஸ்கீ இருந்தது.
விளிம்புகளைத் தீட்டக் கொடுத்திருக்கிறான்,
என்னிடம் சொல்லாமல்.
கட்டைவிரலால் தடவினேன், கத்தி.
அவன் ஸ்கீயைக் காணோம்.
இங்கும் அங்கும் தேடினேன்.
கம்பளிப் போர்வை, பெரிய பிளாஸ்க்,
மடக்கு நாற்காலி ஒன்று,
அதன் மேல், காலுறைக்குள் பத்திரமாகச் சுற்றி,
பைனாகுலர்.

மூடிவிட்டு ஓட்ட உட்கார்ந்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
அவன் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுத்
தூங்குவதாக நடித்தான்,
நன்றாகவே நடித்தான்.

ஆறு கூடவே வந்தது கொஞ்ச தூரம்.
பிறகு அந்தப் பச்சைப் பலகை.
வலப்பக்கம் திரும்பினால் குதாவுரி.
நேரே போனால் கோரி, சுராமி, இனிப்பு ரொட்டி, மரங்கள்.
பின்னால் ஒரு லாரி விளக்கடித்தது.

மரங்களுக்குள் போகிற ஒருத்தியை
எந்தப் பைனாகுலரும் தொடர முடியாது.
இரண்டு வளைவு, ஒரு சிவப்பு ஜாக்கெட்,
அப்புறம் வெறும் கிளைகள்.
மொட்டை மலையில் என்றால்
உச்சிப் புள்ளியிலிருந்து அவன் காலடி வரை
ஒரு கணமும் விடாமல் பார்க்கலாம்.

மூன்று வாரம் அவன் கேட்டது
எனக்காக மட்டும் இல்லை.

இண்டிகேட்டரைத் தட்டினேன்.
டிக், டிக், டிக்.
கண்ணைத் திறக்காமலே சொன்னான்,
'பசனாவுரியில் நிறுத்து,
கின்காலி சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.'