முப்பத்தொன்றாவது கப்பல்

பாரநாகுவா துறைமுகத்துக்கு வெளியே
வரிசையில் முப்பத்தொன்றாவதாக நிற்கிறது
எங்கள் யூரியா.

அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் உள்ளே,
மாட்டோ குரோசோவின் செம்மண்ணில்,
கூட்டுறவுக் கிடங்கின் எடைமேடை அறையில் உட்கார்ந்து
கைப்பேசியில் அதைப் பார்க்கிறேன்.
நீலத்தில் ஒரு பச்சை அம்பு.
நேற்று மூக்கு வடக்கே, இன்று கிழக்கே.
முளையில் கட்டிய மாடு மாதிரி
நங்கூரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

கப்பலை விரட்ட வழியில்லாததால்
ஒடாயிர் சான்கெட்டா என்னை விரட்டுகிறார்.
காலை ஆறுக்கு ஓர் அழைப்பு. ஆறரைக்கு இன்னொன்று.
“வல்தெலிசி, வந்ததா?”
“வரவில்லை.”
“ஐந்தாவது இலை விட்டாச்சு.”
பந்தியில் உட்கார்ந்துவிட்ட விருந்தாளிகளைப் பற்றி
அடுப்படியில் வந்து சொல்லும் குரல் அது.

ஜனவரியில் இதே நிலத்தில் சோயா அறுத்தார்.
அதற்காக யாரும் கப்பல் பார்க்கவில்லை.
வேரில் சின்னச் சின்ன முடிச்சு,
முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத கூலிக்காரர்கள்,
காற்றைப் பிடித்துச் சோறாக்கிக் கொடுத்துவிட்டார்கள்.
மக்காச்சோளத்துக்கு அந்தச் சகவாசம் இல்லை.
ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன் வீசும் காற்றில்
தலையை ஆட்டிக்கொண்டே
பட்டினி கிடக்கிறது.

‘உலகத்துக்கு உணவூட்டுகிறோம்’ என்று
கிடங்குச் சுவரில் ஆளுயர எழுத்து.
அதன் கீழே போன வருஷத்துக் காலிச் சாக்குகள்.
ஒன்றில் எழுத்து வலமிருந்து இடம் போகிறது.
ஒன்றில் எங்கள் எழுத்தையே
கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கிறது.
வாசிக்கத் தெரியாத ஊர்களில்
யாரோ ஒரு குழாயை மூடினால்
இங்கே கதிரில் மணி பிடிக்காது.

ஒடாயிர் பணத்தில் பேசமாட்டார், மூட்டையில்தான்.
விதைக்கும்போது
ஒரு டன் யூரியாவுக்கு நாற்பது மூட்டை சோளம்.
கார்னிவல் முடிந்தபோது நாற்பத்தெட்டு.
இன்று அறுபது.
இன்னும் விளையாத மூட்டைகள்.

துறைமுகத்தில் லாரியோடு காத்திருக்கும் ஜுரான்டிர்
குரல் செய்தி அனுப்புகிறான்.
சோயாவை இறக்கிப் பதினோரு நாள்.
லாரிக்கடியில் தூளி, மூன்று வேளையும் கறுப்பு பீன்ஸ்.
“கப்பல் கட்டிவிட்டது, அக்கா. ஆனால் மழை.
மழையில் கதவைத் திறக்கமாட்டார்கள், உரம் கரைந்துவிடுமாம்.”
பின்னணியில் தகரத்தில் அடிக்கும் சத்தம்.
அங்கே பெய்கிற மழையால்
இங்கே மழை இருக்கும்போது உரம் வராது.
செய்தியை இரண்டு தடவை கேட்டேன்,
மழைச் சத்தத்துக்காக.

அவன் வந்து சேர்ந்தபோது
எங்கள் வானம் துடைத்த தட்டு.
எடைமேடை முன்னூற்று நாற்பது கிலோ குறைவு காட்டியது.
“ரெட்டைப் பாலத்து வளைவில் ஒரு பை கிழிந்தது.
தொப்பியால் வாரினேன், அள்ள அள்ள மண்தான் வந்தது.”
சேதாரம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

ஒடாயிர் குனிந்து ஒரு பிடி அள்ளினார்.
வெள்ளை மணிகள், நனையாத ஜவ்வரிசி.
“காய்ந்த மண்ணில் போட்டால் காற்றோடு போய்விடும்.”
“காற்றிலிருந்துதானே எடுத்தார்கள்?” என்றேன்.
சிரிக்கவில்லை.
பாதியை ஏற்றிக்கொண்டார்.
மீதிப் பாதிக்கும் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது,
பூட்டிய கிடங்குக்குள், வட்டியோடு.

மே கடைசியில் பல் பிடுங்கப் பஸ்ஸில் போனேன்.
இருபுறமும் வெளிறிய சோளம்,
அடியிலைகள் நடுநரம்போடு மஞ்சளாகி,
கதிர்கள் கட்டைவிரல் பருமன்.
ரெட்டைப் பாலத்து வளைவு வந்தது.
சாலையோரம் முப்பது அடிக்கு மட்டும்
கருகருவென்று புல், இடுப்பளவு.
யாருடையது என்று தெரியாத ஒரு கோவேறு கழுதை
கண்ணை மூடி மேய்ந்துகொண்டிருந்தது.

ஒடாயிரிடம் சொல்லவில்லை.
பஸ் திரும்பும்வரை பார்த்தேன்.
பிறகு கைப்பேசியை எடுத்து
அடுத்த அம்பைத் தேடினேன்.
பத்தொன்பதாவது.