தொண்ணூறு ரூபாய்

ராமாத்தாள் அறக்கட்டளைக்கு
இந்த வருசம் நாற்பத்தோரு மனு.
பெண்கள் முன்னேற்றம் என்றால்
எங்களுக்குத் தெரிந்தது தையல் மெசின்தான்;
பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில்
அதன்மேல் டிவி வைத்திருக்கிறார்கள், பார்த்தேன்.

முப்பத்தெட்டாவது மனு துளசிமணியுடையது.
எங்கள் பனியன் கம்பெனியேதான், செக்கிங் பிரிவு.
பென்சிலால் நிரப்பி
அதன்மேல் பேனாவை ஓட்டியிருந்தாள்.

திட்டத்தின் பெயர்: தொண்ணூறு ரூபாய்.
பயனாளிகள்: முப்பத்தோரு பேர்.
விளக்கம்: அதே டேபிள், அதே டியூப்லைட்,
அதே பீஸில் அதே ஓட்டையைத்தான் தேடுகிறோம்.
ஆம்பளைக்கு ஐநூற்றி இருபது,
எங்களுக்கு நானூற்றி முப்பது.
மிச்சத்தை அறக்கட்டளை தரட்டுமுங்க.
மாசம் இருபத்தாறு நாள், பன்னிரண்டு மாசம்:
எட்டு லட்சத்து எழுபதாயிரத்து நானூற்றி எண்பது.

கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டேன்.
ஒரு ரூபாய் பிசகவில்லை.
எங்கள் உச்சவரம்பு ஒன்பது லட்சம்;
அதையும் விசாரித்திருக்கிறாள்.

கமிட்டியில் வாசித்து முடிப்பதற்குள்
டீயில் ஆடை படிந்துவிட்டது.
"இதுல போட்டோ எடுக்க என்னங்க இருக்குது?" என்றார் ஆடிட்டர்.
முதலாளி சுவரில் இருந்த அம்மா படத்தைப் பார்த்தார்.
அந்தம்மா களையெடுத்து அரைக்கூலி வாங்கிய கதையை
ஆண்டு மலருக்கு நான்தான் டைப் அடித்தேன்.
"அடுத்த கூட்டத்துக்கு வைங்க."

வைத்திருக்கிறேன்.
தள்ளியவற்றின் கட்டில் இல்லை,
ஒப்புதல் கட்டிலும் இல்லை.
ஸ்டேப்ளருக்கு அடியில்.

சாயங்காலம் கேட்டில் துளசிமணி
மனுவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"உங்க சீட்டுல முன்னால இருந்தாரே சண்முகவடிவேலு,
அவருக்குச் சம்பளம் எவ்வளவுங்க்கா?"