மூன்றாம் பக்கம், ஒன்பதாம் நிமிடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
புல்லாங்குழல் நுழைந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.
அழகாகத்தான் வாசிக்கிறார்கள், தொந்தரவே அதுதான்.
எனக்கு வேண்டியது அடிவயிற்றில் ஏறும் பேஸ் கிதார்,
கீழ்த்தளத்திலிருந்து
எண்ணெய் காணாத லிஃப்ட் கிளம்புகிற மாதிரி.
லிஃப்ட் எனக்குத் தெரியும்.
ரூபே நகரத்தில் முப்பத்தொரு வருடமாக
அதைத்தான் பழுதுபார்க்கிறேன்.

ஸோல் என்று இந்த இசைக்குப் பெயர்.
சூடான சூப்பை ஊதுவதுபோல்
உதட்டைக் குவித்துச் சொல்லவேண்டும்.
ஒரே மெட்டு, பதினேழு நிமிடம்.
நான்காம் நிமிடத்தில் எரிச்சல் வரும்,
எட்டில் கொட்டாவி,
பன்னிரண்டில் உங்கள் பெயர் உங்களுக்கே சந்தேகம்.
பதினொன்றில் நிறுத்துகிறவர்கள் கோழைகள்.

மிலான் நகரத்துப் பையன்கள் ஐந்து பேர்
பதின்மூன்றை ஏழால் வகுத்து
மீதியை நம் தலையில் கொட்டுகிறார்கள்.
கணக்கு சரி. விடைத்தாள்போல் இருக்கிறது, அவ்வளவுதான்.

லியேழில் ஒரு குழு:
பஸூன், ஹார்மோனியம், வயலின், ஒரு துருப்பிடித்த தகரம்.
எப்போதும் சாவு ஊர்வலம்.
செத்தது யார் என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள்.
அவர்களை நான் மன்னிப்பேன்,
மழை நாளில் மட்டும். இங்கே அநேகமாக எல்லாமே மழை நாள்.

நகோயாவில் இரண்டு பெண்கள், ஒரு டிரம், ஒரு பேஸ்.
அடுத்த வீட்டுச் சண்டையைச்
சுவர் வழியாகக் கேட்பதுபோல்:
பாஷை தெரியாது, நியாயம் யார் பக்கம் என்று தெரியும்.

ஆனால் வோர்ஹாட்.
வோர்ஹாட் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள்.
பத்தொன்பது வயதில் வாங்கிய இரட்டைத் தட்டு.
மோரிசெத் தெஸ்வார்த் என்பவள் பாடினாள்,
தானே செய்த மொழியில்.
மெல்லினத்தையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்ட மொழி.
அகராதி கிடையாது, நான் ஒன்று எழுதினேன்.
மூன்றாம் பக்கம், ஒன்பதாம் நிமிடம்,
எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்க
அவள் மட்டும் சொல்வாள்: ஹுர்டக்.

ஹுர்டக் என்றால்
இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்ட பெட்டி,
அதிலிருந்து வெளியே வந்த முதல் மூச்சு.
என் அகராதியில் அப்படித்தான்.
தம்பி லுதோவிக்கின் பெட்டியை இறக்கியபோது
எல்லோரும் ஆமென் என்றார்கள்.
நான் என்ன சொன்னேன் என்று பாதிரியாருக்குக் கேட்கவில்லை.
பெர்னார்தின் பிரிந்து போனபோதும் அதையே சொன்னேன்.
அவள் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

போன நவம்பரில், மூடிக்கிடந்த கம்பளி ஆலையில்
வோர்ஹாட் மறுபடியும் மேடையேறியது.
எள்ளைப் போட்டால் தாராளமாக விழும் கூட்டம்:
மேடையில் ஒன்பது பேர், கீழே பதினான்கு.
அவளுக்கு எழுபத்திரண்டு வயது,
முழங்காலுக்குப் பட்டை, உட்கார்ந்தபடி பாடினாள்.
மூன்றாம் பக்கம் வந்தது. ஒன்பதாம் நிமிடம் வந்தது.
எல்லாம் நின்றது.
ஹுர்ட்டகேத், என்றாள்.

ஹுர்டக்! என்று கத்தியது நான்தான்.

டிரம்காரன் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தான்.
அவள் இருட்டுக்குள் தேடினாள்,
பிறகு நான் கத்தியதையே திரும்பச் சொன்னாள்.
பேஸ் வந்து விழுந்தது.
காலடிப் பலகை அதிர்ந்ததில்
யாருடைய பியர் குவளையோ உருண்டு போயிற்று.

முடிந்ததும், டிஷர்ட் விற்கும் மடக்குமேசையருகே
நீங்கள்தானா என்று கேட்டாள்.
தலையாட்டினேன்.
எழுதிவைத்தது ஹுர்ட்டகேத்தான், என்றாள்,
பதிவு அன்றைக்கு எனக்குக் கடுமையான சளி.
கடைசி அசை தொண்டையில் மாட்டிக்கொண்டது.
இன்னொரு முறை பாட ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் பணமில்லை.

கைகொடுத்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது,
அவளுடையதா என்னுடையதா தெரியவில்லை.
அடுத்த தட்டில் புல்லாங்குழல் உண்டு என்றும் சொன்னாள்.

திங்கட்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டடம்,
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு பெட்டி.
உள்ளே மாட்டிக்கொண்டவர் கதவைத் தட்டி
என்ன கோளாறு என்று கேட்டார்.
சளி, என்றேன்.